மழை அளக்கிற பெட்டி

காரைக்கால்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இளவரசியின் போனிலிருந்து உன்னை நான்கைந்து தடவை கூப்பிட்டேன். ஒருமுறை எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் மூடி வைத்தாலும், கோபம் ஆறியபிறகு எடுத்துப் படிக்கலாம்.

நான் நன்றாக இருக்கிறேன். இளவரசி என்னோடு கல்லூரியில் படித்தவள், இங்கே நர்ஸாக இருக்கிறாள். மாடி அறையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். காரைக்காலை விட்டு வெளியே போகக் கூடாது, தினமும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கோர்ட் ஜாமீன் கொடுத்தது. என் போனைப் போலீஸ் எடுத்து வைத்திருக்கிறது.

பாதியைப் பேப்பரில் படித்தாய், மீதியை ஊர் சொல்லிக் கேட்டாய். நடந்ததை என் வாயால் நீ கேட்கவே இல்லை. இப்போது கேள்.

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ரோட்டு முனைகளில் இருக்கும் கேமராக்களைக் கவனிப்பதுதான் கான்ட்ராக்ட். சுவர் முழுக்கத் திரைகள். யார் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்போம். ஆனி மாதம் புதிதாக ஒரு திரை வந்தது. அதில் ரோடு இல்லை. ஏரிக்கரை, புளியமரம், நம் வயல், மோட்டார் கொட்டகை. கூடவே சத்தமும் வந்தது. ஹெட்போனை மாட்டினேன். டிராக்டர்காரனிடம் நீ வாடகைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு படம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மழை அளக்கிற பெட்டி என்று சொல்லி நம் வரப்பில் நட்டார்களே, நீகூட மாலை போட்டுத் தேங்காய் உடைத்தாயே, அந்தக் கம்பத்திலிருந்து வருகிறது.

சூப்பர்வைசர் அரிகரன் சாரிடம் கேட்டேன். "அது மேலிடத்து சமாச்சாரம்மா. பாக்கச் சொன்னாங்க, பாக்கறோம். நீ கேக்காத" என்றார். கம்பெனித் தலைமைக்கு எழுதினேன். பதில் இல்லை.

அப்புறம் ஆதிலட்சுமி அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வாய்க்காலை மூடினால் நடவுக்காரப் பெண்கள் எல்லோரும் ரோட்டில் உட்காருவோம் என்று அவர் புளியமரத்தடியில் சொன்ன வார்த்தையை ஒன்று விடாமல் போலீஸ் திருப்பிச் சொன்னதாமே. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. டீக்கடை அய்யனாரின் மச்சான் ஊர்க்காவல் படையில் இருக்கிறார் என்பதற்காகப் பழி அய்யனார் தலையில் விழுந்தது. கடையில் வைத்து அவரை முதலில் கேட்டது நீதான் என்று அண்ணி போனில் சொன்னார். கடைக்கு யாருமே போவதில்லை என்றும் சொன்னார்.

காட்டிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், அண்ணா. அது கம்பத்தில் தொங்கியது. தெரிந்தும் எப்படிச் சும்மா இருப்பது? திரையைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். என் பச்சைச் சுடிதார் திரைக் கண்ணாடியில் விழுந்து படத்தில் வந்துவிட்டது. அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தார்கள். அரசு ரகசியத்தை வெளியே விட்டேன் என்று வழக்கு.

ஒரு வரியாவது எழுது.

செல்வகுமாரி


பாகூர்
19 செப்டம்பர் 2025

செல்வகுமாரிக்கு,

கடிதம் வந்தது. பதில் போடும் எண்ணம் எனக்கு இல்லை. உன் அண்ணி கஸ்தூரிதான் பேப்பரையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்து, "எழுதிட்டு வந்து சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் படம் பொய், அது வானிலைக் கருவிதான் என்று பேப்பரிலேயே அதிகாரிகள் மறுப்பு கொடுத்திருக்கிறார்கள். நீ ஒன்று சொல்கிறாய், அவர்கள் ஒன்று சொல்கிறார்கள். நான் கம்பத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலே புனல் மாதிரி ஒன்று தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படியே கேமராவாக இருந்தால்தான் இன்னா? போன வருஷம் என் போர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன இரண்டு பேரையும் கூட்டுரோட்டுக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. மோட்டார் திரும்பி வரவில்லை என்றால் அந்த வருஷக் கரும்பு காய்ந்திருக்கும். திருடனுக்குத்தான் கேமராவைக் கண்டால் பயம் வரவேண்டும். மறைக்கிறதுக்கு நம்மிடம் இன்னா இருக்கிறது?

போலீஸ் நம் வூட்டைச் சோதனை போட்ட அன்று நீ இல்லை. அரிசி டின்னைக் கூடத்தில் கவிழ்த்தார்கள். கஸ்தூரியின் புடவைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. என் வயசில் எந்தப் போலீஸ்காரனும் நம் வாசப்படி ஏறியது கிடையாது. நெட்டப்பாக்கத்துச் சம்பந்தி வூட்டிலிருந்து போன் செய்து, "தங்கச்சி எதாவது கட்சில சேர்ந்துட்டாளா?" என்று கேட்டார்கள். இன்னா சொல்வது?

பேப்பர்காரனிடம் சொல்ல உனக்கு வாய் இருந்தது. என்னிடம் சொல்ல இல்லை. கம்பம் நிற்பது என் வரப்பில். நீ வேலை பார்த்த அரியாங்குப்பத்திலிருந்து வண்டி எடுத்தால் எவ்வளவு நேரம் ஆகும், வந்து ஒரு வார்த்தை சொல்ல? அப்பா போனபிறகு உனக்கு ஒன்று என்றால் முன்னால் நின்றவன் நான். அந்த அண்ணனை ஊரோடு ஊராக நிறுத்தி, பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளச் செய்தாய்.

இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

உன் அண்ணி ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தத் திரையில் மோட்டார் கொட்டகை தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, தொட்டிப் பக்கமும் தெரியுமா?

தெய்வசிகாமணி


காரைக்கால்
27 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தெரியும்.

நடவு முடிந்து பெண்கள் தொட்டியில் கைகால் கழுவுவதும் தெரியும், குளிப்பதும் தெரியும். அந்த அறையில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். யாராவது கொட்டகைப் பக்கம் வந்தால் நான் எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் நின்றுகொள்வேன், ஃபைல் தேடுகிற மாதிரி. எவ்வளவு நேரம்தான் ஃபைல் தேடுவது? என் ஷிப்ட் முடிந்தபிறகு யார் நிற்பது? அண்ணியிடம் நீயே பக்குவமாகச் சொல். என்னால் அண்ணிக்குத் தனியாக எழுத முடியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நீ மெல்லப் பேசுகிறவனா, அண்ணா? சொல்லியிருந்தால் நேராகக் கம்பத்தடிக்குப் போய் நின்று கத்தியிருப்பாய். அது அப்படியே அறைக்கு வந்திருக்கும். மறுநாள் கம்பத்தில் பெட்டி இருந்திருக்காது, என் பேச்சை நம்ப ஆளும் இருந்திருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. தெரிந்தே மறைத்தான் என்று உன் பெயரையும் வழக்கில் சேர்த்திருப்பார்கள். கரும்பு வெட்டுகிற நேரத்தில் இரண்டு பேரும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். வூட்டைச் சோதனை போடுவார்கள் என்று நினைக்கவில்லை. அந்தப் புடவைகளை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறைக்கிறதுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்றும் கேட்டாய். இதற்குப் பதிலைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீ மட்டும் படி. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

செல்வகுமாரி

(தனித் தாள்)

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நீ வரப்பில் தனியாக உட்கார்ந்து டாக்டரோடு போனில் பேசினாய். அண்ணியின் ஸ்கேனில் கட்டி தெரிகிறது, இன்னொரு பரிசோதனை செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். "அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டா" என்றாய். போனை வைத்தபிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டாய். எனக்குக்கூட நீ சொல்லாத விஷயம். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் இருந்த தமிழ்க்குமரன் கழற்றவில்லை.

நீ திருடன் இல்லை, அண்ணா. ஆனால் அந்த அழுகை உன்னுடையது.


பாகூர்
11 அக்டோபர் 2025

அன்புள்ள குமாரிக்கு,

அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. அந்த போன் பேச்சு எனக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிய வழியே இல்லை. படித்தபிறகு உன் படம் பொய்யா, அவர்கள் மறுப்பு பொய்யா என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கஸ்தூரி பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடச்சா ஒம்மேலயும் கேஸு. அது போவட்டும், உள்ள இன்னா இருந்துச்சுன்னு அப்புறம் எவனுக்கும் தெரியாம பூடும். அவ உள்ள போனதுக்கு இன்னா அர்த்தம்?" என்றாள். வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பேச வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். மேலே கேட்டுக்கொண்டு இருக்கிறதே. கொட்டகைக்குள்ளே போய், மோட்டாரைப் போட்டு, அந்தச் சத்தத்தில் ஸ்கேன் விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அப்பவே தெரியுமாம். "ரெண்டு தடவ சாப்புட வரேன்னு சொல்லிட்டு வரல நீ. ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன்" என்றாள். நல்லவேளையாக அது கெட்ட கட்டி இல்லை என்று பிறகு டாக்டர் சொல்லிவிட்டார். நீ கவலைப்படாதே. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறோம். எங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்னாலேயே யாரோ ஒரு பையனுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மறுநாள் காலையில் அய்யனார் கடைக்குப் போனேன். கடையில் ஈ, காக்கா இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் பாலைச் சுடவைக்க ஆரம்பித்தார். "அய்யனாரே, எம்மேல தப்பு" என்றேன். "டீய குடி, ஆறிப் பூடும்" என்றார். நாலு நாளாக இரண்டு வேளையும் அங்கேதான் டீ. நான் போவதைப் பார்த்து மற்றவர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அது என்ன பெட்டி என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

பெட்டியை என்ன செய்வது என்று யோசித்தேன். மழை அளக்கத்தானே நட்டார்கள்? அதையே கேட்போம் என்று தோன்றியது. புதன்கிழமை நல்ல மழை. வியாழக்கிழமை ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் பெட்டியை நட்ட ஆபீசுக்குப் போய், "நேத்து எங்க ஊர்ல எவ்ளோ மழ சார்?" என்று கேட்டோம். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். போனோம். மறுபடி வாருங்கள் என்றார்கள். மழைக்காலம் இப்போதுதானே ஆரம்பம்? ஒவ்வொரு மழைக்கும் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


காரைக்கால்
24 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழைக் கணக்கு கேட்கப் போனதைப் படித்துவிட்டு நானும் இளவரசியும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து பார்த்தார். கைதானதிலிருந்து நான் அப்படிச் சிரிக்கவில்லை.

அண்ணிக்கு ஒன்றுமில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அரிகரன் சார் நேற்று காரில் இங்கே வந்தார். கோபமாகப் பேசவில்லை. பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் வாங்கி வந்திருந்தார். "தப்பா புரிஞ்சிக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. கேஸ் அதுவா கரஞ்சிடும். வேலையும் திரும்பக் கெடைக்கும். உன் வயசுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். தமிழ்க்குமரனும்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முகத்தில் அடித்தாற்போல மறுத்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. வழக்கு தள்ளித் தள்ளிப் போகிறது. ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும்போது ஒரு போலீஸ்காரர், "இன்னும் எத்தினி வருஷம் வருவ?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, பாவப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தவள் நான் ஒருத்திதான் என்றால், நான் பார்த்தது நிஜம்தானா என்றுகூடச் சில நேரம் தோன்றிவிடுகிறது.

நீ என்ன நினைக்கிறாய்? கோபப்படாமல் சொல்.

குமாரி


பாகூர்
9 நவம்பர் 2025

அன்புள்ள குமாரிக்கு,

கோபம் இல்லை. நிறைய எழுத வேண்டும், பொறுமையாகப் படி.

மழைக் கணக்கு கேட்டுக் கேட்டு நாங்கள் அலைந்தது பக்கத்து ஊர்களுக்கும் பரவிவிட்டது. அவர்கள் ஊரிலும் இதே பெட்டி இருக்கிறதாம். எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்ததில், வேறு வழியில்லாமல் பாகூரில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வில்லியனூரிலிருந்து வியாபாரிகளும் வந்திருந்தார்கள், கேமராவை எடுத்துவிடப் போகிறார்களோ என்ற பயத்தில். மண்டபம் கொள்ளவில்லை. வெளியே மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மேடையில் இருந்த அதிகாரி, "பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பொதுக்கூட்டத்தில் பேச முடியாது" என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன். "மழயும் பாதுகாப்பு விஷயமா சார்? போன வாரம் பேஞ்சதுல எங்கழனில தண்ணி நிக்குது. ஒங்க பெட்டி எவ்ளோன்னு சொல்லிச்சு?" என்றேன். "டேட்டா ஹெட் ஆபீஸ்ல இருக்கு" என்றார். பின்னாலிருந்து யாரோ, "எங்க பேச்சு மட்டும் அன்னிக்கே வந்துச்சே சார்!" என்று கத்தினார்கள். மண்டபமே சிரித்தது.

ஆதிலட்சுமி எழுந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "நாங்க தொட்டிக்குப் போவும்போது எங்க வூட்டு ஆம்பளைங்களே அந்தப் பக்கம் வர மாட்டாங்க. நீங்க இன்னாத்துக்கு சார் வந்து பாத்தீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார்.

அப்புறம் முத்துசாமி என்று ஒரு வில்லியனூர் மளிகைக்கடைக்காரர் பேசினார். எங்களுக்கு எதிராகப் பேசுவார் என்று நினைத்தேன். "எங்கடைப் பூட்ட ஒடச்சவன கேமராதான் காட்டுச்சு. கேமரா வேணான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் கேமரா மாட்டன எடத்துல எழுதிப் போட்டிருக்கேன். வர்றவங்களுக்குத் தெரியும். நீங்க மழைன்னு எழுதி வெச்சிட்டு மனுஷனப் பாத்தா, நாளைக்கு நல்ல கேமராவையும் எவனும் நம்ப மாட்டான்" என்றார். போன மாசம் வரைக்கும் நான் பேசிய பேச்சும் அவர் பேச்சும் பாதி ஒன்றுதான். மீதிப் பாதி எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாய்க்கால் விவகாரத்தில் கலவரம் வரலாம் என்று தகவல் இருந்தது என்றார் அதிகாரி. வாய்க்காலைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் எங்களை நேராகக் கேட்டிருக்கலாமே என்று நாலு பக்கமும் சத்தம். நான் திரும்ப எழுந்தேன். "அது எந்நெலம் சார். மழக்குன்னு கேட்டீங்க, வாய் வார்த்தையா குடுத்தேன். இப்ப வாய் வார்த்தையாவே திருப்பிக் கேக்கறேன். எல்லார் முன்னாலயும் எறக்குங்க" என்றேன்.

இறக்கினார்கள். நேற்று மேலிடத்திலிருந்து ஒரு அம்மா அதிகாரி வந்தார். எலக்ட்ரீஷியன் கம்பத்தில் ஏறி, பெட்டியைக் கழற்றிக் கீழே சாக்கில் வைத்துத் திறந்தார். கேமரா, மைக், சிம் கார்டு. மேலே இருந்த புனலைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஓட்டைகூட இல்லை, குமாரி. மழை உள்ளே போக வழியே இல்லை. அந்த அம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் தானும் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, சாட்சிக் கையெழுத்து யார் போடுகிறீர்கள் என்று கேட்டார். வரிசை கட்டி நின்றார்கள். அய்யனார்தான் முதலில் போட்டார்.

அரிகரன் கேட்ட ஒரு வரியைப் பற்றி. நீ எழுதிக் கொடுத்தாலும் நான் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டேன். ஊருக்கு வந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள். இனிமேல் அதைப் பார்த்தவள் நீ ஒருத்தி இல்லை. ஊரே பார்த்துவிட்டது.

அண்ணன்


காரைக்கால்
28 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதிக் கொடுக்கவில்லை. அரிகரன் சாருக்குப் போன் செய்து சொன்னபோது அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் அசதிதான் இருந்தது.

முந்தாநாள் கோர்ட்டில் நீங்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அறிக்கையை எங்கள் வக்கீல் காட்டினார். நீதிபதி படித்துவிட்டு, ஏரிக்கரையில் மழை அளப்பதாகச் சொல்லி வைத்த கருவியில் எந்த அரசு ரகசியம் இருந்தது என்று எதிர்த்தரப்பைக் கேட்டார். அடுத்த வாய்தாவில் சொல்வதாகச் சொன்னார்கள். காரைக்காலில் தங்கும் நிபந்தனையை நீதிபதி எடுத்துவிட்டார். டிசம்பர் பதினைந்திலிருந்து எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வழக்கு முடியவில்லை. இன்னும் இழுக்கும், அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன்.

கோர்ட் வாசலில் தமிழ்க்குமரன் நின்றிருந்தான். வேலையை விட்டுவிட்டானாம். இப்போது திருபுவனையில் ஒரு பேக்டரியில் இருக்கிறான். "அக்கா, விசாரணைக் கமிட்டி போட்டிருக்காங்களாமே. நான் பாத்தத, கேட்டத நானும் சொல்றேன்" என்றான். என் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. வா, சேர்ந்தே போகலாம் என்றேன்.

பெட்டிகளை எல்லா ஊரிலும் இறக்கிவிட்டார்கள் என்றும், கூட்டுரோட்டுக் கேமராக்களுக்குக் கீழே யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பலகை வைக்கப் போகிறார்கள் என்றும் பேப்பரில் படித்தேன். பலகை வைத்தால் மட்டும் போதாது, ஊர்க்காரர்களும் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வந்ததும் நீதான் முதல் கையெழுத்துப் போட வேண்டும். முத்துசாமி அண்ணாச்சியிடமும் வாங்க வேண்டும்.

குமாரி


பாகூர்
8 டிசம்பர் 2025

அன்புள்ள குமாரிக்கு,

மனுவைக் கொண்டு வா. போடுகிறேன்.

இங்கே ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்திருக்கிறது. நேற்று நம் வயலில் களை எடுத்தார்கள். அது என்ன பெட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அதை இறக்கும்வரைக்கும், ஒருத்திகூட வாய் திறக்காமல் குனிந்து வேலை செய்தார்கள். நேற்று அந்தப் பக்கமே சந்தை மாதிரி இருந்தது. நான் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். ஆதிலட்சுமி என் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்: "மண்டபத்துல மைக்க புடிச்சி ஞாயம் பேசறாரு. கூலின்னா மட்டும் அவருக்குக் காது கேக்கல." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

சாயங்காலம் கஸ்தூரியிடம் சொன்னேன். "பேசட்டும். பேசாம இருந்தாங்களே, அது நல்லா இருந்துச்சா?" என்றாள்.

கூலியை ஏற்றிக் கேட்டு இருபதாம் தேதி கூட்டம் போடுகிறார்களாம். எங்கே என்று கேட்டால், என் வயல் வரப்பிலேயே. என்னிடமே வந்து இடம் கேட்டார்கள். சரி என்றுவிட்டேன். நானும் போய் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

நீ அதற்குள் வந்துவிடுவாய். கூட்டத்தில் அவர்கள் பக்கம்தான் உட்காருவாய் என்று எனக்குத் தெரியும். உட்கார். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசு. வா.

அண்ணன்